பாணும் ஆவியும்: வீட்டில் சான்ட்விச் வாட்டும் கருவிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

வாட்டின சான்ட்விச் ஏன் பிழைத்தது என்று காரணம் தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் முட்டுவோம். பாண் சொதசொதத்துப் போவது, உள்ளே வைத்த கறி ஓரத்தால் வடிவது, சீஸ் தட்டில் ஒட்டிக் கருகுவது, வெளியே கறுத்தும் நடுவே குளிராகவும் இருப்பது என்று தொல்லைகள் பலவாகத் தெரியும். ஆனால் ஈரம் எங்கே இருக்கிறது, அது எந்த வழியால் வெளியே போகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் இவற்றில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். கருவியைத் தெரிவு செய்யவும் இதே கணக்குப் போதும். கடையில் பத்து மெஷின் அடுக்கி வைத்திருந்தாலும், ஒவ்வொன்றும் ஆவியை என்ன செய்கிறது என்பதே அவற்றுக்கிடையிலான உண்மையான வித்தியாசம்.

யாழ்ப்பாணத்துச் சமையலறைக்கு இது கூடுதலாகவே பொருந்தும். இங்கே சான்ட்விச்சுக்குள் போவது வெறும் சீஸும் ஹாமும் இல்லை. முதல் நாள் மிஞ்சிய உருளைக்கிழங்குப் பிரட்டல், ரின் மீன், சம்பல், முட்டை என்று எல்லாமே ஈரமும் எண்ணெயும் உள்ள சாமான்கள். மெஷினோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் நேரமும் அளவும் இவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

தட்டுக்கும் பாணுக்கும் இடையில் நடப்பது

சாதாரண வெள்ளைப் பாணின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சூடான தட்டில் பாண் பட்டதும் முதலில் அதன் மேற்பரப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை, தட்டு 200 பாகை செல்சியஸில் இருந்தாலும் பாணின் மேற்பரப்பு 100 பாகையை அவ்வளவாகத் தாண்டாது. 100 பாகையில் பாண் அவியுமே தவிர சிவக்காது. மேற்பரப்பு காய்ந்து 140 பாகை அளவுக்கு ஏறிய பிறகுதான் மாவில் உள்ள சீனியும் புரதமும் சேர்ந்து பொன்னிறமும் மணமும் வரும். 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் பெயரால் இதை மயார் தாக்கம் என்கிறார்கள். கோப்பிக்கொட்டை வறுபடும்போது வரும் மணத்திலும் றோஸ் பாணின் தோலிலும் இருப்பது இதுதான்.

ஆகவே வாட்டுவதில் இரண்டு கட்டம் உண்டு: முதலில் காய்தல், பிறகு சிவத்தல். முதற்கட்டம் இழுபட்டால் பாண் தோல் போலாகிவிடும். மெஷினை முன்கூட்டியே சூடாக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். குளிர்ந்த தட்டில் பாணை வைத்துவிட்டு சுவிச்சைப் போட்டால், தட்டு சூடேறும் அந்த நாலைந்து நிமிடமும் பாண் தன் ஈரத்திலேயே அவிந்துகொண்டிருக்கும்.

முக்கோண அச்சு மெஷின்

சான்ட்விச் மேக்கர் என்றால் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். சிப்பி போலத் திறக்கும். மேலும் கீழும் அலுமினியத் தட்டுகள், ஒட்டாத கறுப்புப் பூச்சு. ஒவ்வொரு பாண் இடத்துக்கும் நடுவே குறுக்காக ஒரு விளிம்பு ஓடும், அதன் இரு பக்கமும் முக்கோணக் குழிகள். மூடி அழுத்தும்போது அந்த விளிம்பு பாணை இரண்டாக வெட்டும். சுற்றியுள்ள விளிம்பு மேல் பாணையும் கீழ்ப் பாணையும் நசித்து ஒட்டும்.

இந்த ஒட்டும் யோசனை புதியதல்ல. அடுப்பிலோ நெருப்பிலோ வைத்துச் சுடும் இடுக்கி வடிவத்துக்கு 1949இல் அவுஸ்திரேலியாவில் ஏர்னெஸ்ட் ஸ்மிதர்ஸ் என்ற வைத்தியர் காப்புரிமை பெற்றார். மின்சாரத்தில் வேலை செய்து, வெட்டியும் ஒட்டியும் தரும் மெஷினை 1974இல் அங்கேயே பிரேவில் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் எந்தப் பெயரில் விற்கும் முக்கோண மெஷினும் ஏறத்தாழ அந்த வடிவந்தான்.

ஓரம் ஒட்டுவதால் கறி வெளியே வராது. நமக்கு இது பெரிய வசதி. ஆனால் கறியின் ஆவியும் வெளியே வராது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி பாணின் உட்பக்கத்தை நனைக்கும், கூடினால் ஓரத்தை வெடிக்க வைத்துக்கொண்டு பீறி வரும். முக்கோண மெஷினுக்குள் போகும் கறி அதனால்தான் கெட்டியாக இருக்க வேண்டும். அளவும் முக்கியம்: ஒரு சான்ட்விச்சுக்கு, அதாவது இரண்டு முக்கோணத்துக்கும் சேர்த்து, மட்டமாக 3 மேசைக்கரண்டி. அதற்கு மேல் வைத்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று படாது, ஒட்டும் வேலையே நடக்காது.

அளவு கூடியதும் பலர் செய்வது கைப்பிடியைப் பலமாக அமத்தி, கொளுவியை இழுத்துப் பூட்டுவது. அந்தக் கொளுவி மெல்லிய பிளாஸ்டிக். இரண்டு தட்டையும் இணைக்கும் பிணைச்சலும் அப்படித்தான். ஒரு மெஷின் கைவிடப்படுவது அனேகமாகச் சூடாக்கும் கம்பி எரிந்தல்ல, இந்தக் கொளுவி உடைந்துதான். மூடும்போது இரண்டு விரலால் அமத்தினாலே கொளுவி விழ வேண்டும். விழவில்லை என்றால் திறந்து ஒரு கரண்டி கறியை வெளியே எடுங்கள்.

வெளியே தெரியும் இரண்டு விளக்குகளைப் பற்றியும் ஒரு விஷயம். சிவப்பு, மின்சாரம் வருகிறது என்பதைச் சொல்லும். பச்சை, தட்டு தேவையான சூட்டுக்கு வந்துவிட்டது என்பதைச் சொல்லும். சான்ட்விச் ஆகிவிட்டது என்பதல்ல அதன் பொருள். உள்ளே இருக்கும் தேமோஸ்டாற் சூடு ஏறியதும் மின்சாரத்தை வெட்டி, குறைந்ததும் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பச்சை விளக்கும் அதோடு சேர்ந்து போய்ப் போய் வரும். பச்சை வந்ததும் திறந்து பார்த்து, வெளிறிய பாணைக் கண்டு மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடத் தேவையில்லை.

தட்டையான கிறில் மெஷின்

இதில் குழி இல்லை. வரிவரியான அல்லது முற்றிலும் மட்டமான இரண்டு தட்டுகள். நல்ல மெஷின்களில் மேல்தட்டின் பிணைச்சல் தளர்வாக இருக்கும். சான்ட்விச் எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு அது உயர்ந்து, கீழ்த்தட்டுக்குச் சமாந்தரமாகவே படியும். அந்தத் தளர்வு இல்லாத மலிவான மெஷினில் பின்பக்கம் நசிந்து, முன்பக்கம் தட்டே படாமல் வெள்ளையாக இருக்கும். கடையில் வாங்கும்போது ஒரு தீப்பெட்டியை நடுவில் வைத்து மூடிப் பாருங்கள். மேல்தட்டு சரிந்து நின்றால் அதை வாங்க வேண்டாம்.

கிறிலில் நாலு பக்கமும் திறந்திருப்பதால் ஆவி தாராளமாகப் போகும், தோல் மொறுமொறுப்பாக வரும். றோஸ் பாண், பணிஸ், முதல் நாள் மிஞ்சிய ரொட்டி என்று எந்த வடிவமும் இதற்குள் அடங்கும். ஆனால் இளகிய எதையும் இது தாங்காது. சீஸை ஓரம்வரை பரப்பினால் வரிகளுக்கிடையில் ஓடிக் கருகும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு நடுவில் வையுங்கள், மிச்சத் தூரத்தை அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

அச்சுப் பாணும் கறியும் என்றால் முக்கோணம், றோஸ் பாணும் சீஸும் என்றால் கிறில். வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு என்றால், கறி வைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு முக்கோணமே கூடுதலாக உதவும். கழற்றி மாற்றக்கூடிய தட்டுகளோடு இரண்டும் சேர்ந்து வரும் மெஷின்கள் நல்லவைதான். தட்டு கொளுவும் இடம் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடினால் சூடு சரியாகக் கடத்தப்படாது.

எந்த மெஷினானாலும் கடைக்குப் போகும்போது வழக்கமாக வாங்கும் பாணில் ஒரு துண்டை ஒரு பேப்பரில் வைத்து வெட்டி, அந்த அச்சைக் கொண்டு போங்கள். முக்கோண மெஷினில் பாண் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். குழியைவிடப் பாண் சிறிதாக இருந்தால் அந்த மெஷினில் உங்கள் பாண் ஒருநாளும் ஒட்டாது.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு

முன்பு சொன்ன இடுக்கியின் வழிவந்தவை இன்றும் கிடைக்கின்றன: நீளக் கைப்பிடி உள்ள இரண்டு அலுமினியத் தட்டுகள், நடுவில் பாணை வைத்து மூடி, காஸ் அடுப்பில் நேரடியாக வைப்பது. மிதமான நெருப்பில் ஒரு பக்கம் 2 நிமிடம், திருப்பி 2 நிமிடம். தேமோஸ்டாற் இல்லாததால் நெருப்பைக் கூட்டினால் ஒரு நிமிடத்தில் கரியாகிவிடும். ஒட்டாத பூச்சு உள்ளதை வெறுமையாக நெருப்பில் விட்டுவிட்டு அங்கால் இங்கால் போகக்கூடாது. 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு பழுதாகத் தொடங்கும், அதற்கும் மேலே போனால் வரும் புகை கூண்டில் வளர்க்கும் கிளி, லவ்பேர்ட்ஸ் போன்றவற்றைக் கொன்றுவிடக்கூடியது. மனிதருக்கும் அது நல்லதல்ல.

எதுவும் வாங்காமலும் செய்யலாம். தோசைக்கல் நன்றாகச் சூடானதும் நெருப்பைக் குறைத்து, மாஜரின் பூசின பக்கம் கீழே இருக்கும்படி சான்ட்விச்சை வைத்து, அதன் மேல் பாரம் ஏற்றுங்கள். அடி மட்டமான ஒரு சின்னச் சட்டிக்குள் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டால் ஒரு கிலோப் பாரம், அது போதும். அம்மிக்குழவியை அலுமினியத் தாளில் சுற்றி வைப்பவர்களும் உண்டு. அது உருளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பாரமும் கொஞ்சம் அதிகம், பாண் தட்டையாகிவிடும். ஒவ்வொரு பக்கமும் 3 நிமிடம். இப்படிச் செய்வதில் ஒரு பக்கத்தால் மட்டும் சூடு போவதால், முதற்பக்கம் ஆகும்போது மேற்பக்கத்தால் ஆவி போய்விடும். உண்மையில் தோல் மிக மொறுமொறுப்பாக வருவது இந்த முறையில்தான்.

பாண் துள்ளி வரும் ரோஸ்டர், சான்ட்விச்சுக்கானதல்ல. மாஜரின் பூசின பாணையோ சீஸ் வைத்ததையோ அதற்குள் விட்டால், உருகி வடிந்து செந்தழலாக இருக்கும் கம்பியில் விழுந்து தீப்பிடிக்கும். வெறும் பாணை வாட்டி எடுத்து, பிறகு உள்ளே எதையும் வைத்துச் சாப்பிட அது நல்லது. எயார் பிரையரில் 180 பாகையில் 6 முதல் 8 நிமிடம், இடையில் ஒரு தடவை திருப்பினால் சரியாகும். காற்று மேல் பாணைத் தூக்கி எறியும் என்பதால் பல்லுக்குச்சி ஒன்றைக் குத்தி வையுங்கள். அழுத்தம் இல்லாததால் பாணும் கறியும் தனித்தனியாகவே நிற்கும்.

எந்தப் பாண்

வெட்டி அடைத்த சான்ட்விச் பாண் அளவில் ஒத்துவரும், ஆனால் மெதுமையாக இருப்பதால் எளிதில் நசியும். வெதுப்பகத்து அச்சுப் பாணை ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சீராக வெட்ட முடிந்தால் அதுவே சிறந்தது. பின்னேரம் சூடாக வாங்கின பாணை உடனே மெஷினில் வைக்க வேண்டாம். உள்ளே இன்னும் ஈரப்பசை இருக்கும், மூடி அமத்தியதும் களியாகிவிடும். முதல் நாள் பாணில் மாப்பொருள் இறுகியிருப்பதால் அழுத்தத்தைத் தாங்கும், தோலும் சீக்கிரம் சிவக்கும். வெறுமனே சாப்பிட அவ்வளவு நன்றாக இல்லாத பாண்தான் வாட்டுவதற்கு ஏற்றது.

வெளிப்பக்கத்துக்கு மாஜரின் ஒரு துண்டுக்கு ஒரு தேக்கரண்டி, மூலைவரை சீராகப் பூச வேண்டும். பூசாத இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். கொழுப்புக் குறைந்தது என்று விற்கும் ரகங்களில் குறைகிற கொழுப்புக்குப் பதிலாக இருப்பது தண்ணீர். தட்டில் பட்டதும் சடசடவென்று தெறிக்கும், பாணும் நனையும். பட்டரில் பாற்கூறு இருப்பதால் நிறமும் மணமும் அதிகம். நெய்யும் நல்லது. நல்லெண்ணெயைத் தூரிகையால் மெல்லப் பூசினால் சம்பல் சான்ட்விச்சுக்கு மிகப் பொருத்தம்.

கறியை உலர்த்துவது

சான்ட்விச்சின் தலைவிதி இங்கேதான் எழுதப்படுகிறது. மெஷினுக்கு எவ்வளவு செலவழித்தாலும் குழம்போடு உள்ள கறியை அது காப்பாற்றாது.

உருளைக்கிழங்குப் பிரட்டல், நாலு சான்ட்விச்சுக்கு: 300 கிராம் கிழங்கைத் தோலோடு அவித்து, உரித்து, ஆற விட்டு மசியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணீர் குடிக்கும், அதனால்தான் தோலோடு. தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கால் தேக்கரண்டி கடுகு, அதே அளவு பெருஞ்சீரகம், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, பொடியாக வெட்டின 8 சின்ன வெங்காயம், 2 பச்சை மிளகாய் என்ற ஒழுங்கில் தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் ஒரு தேக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள். கிழங்கும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்து, தண்ணீரோ பாலோ விடாமல், சட்டியின் அடி காய்ந்து கறி உருண்டையாகத் திரளும்வரை கிளறுங்கள். இறக்கிய பிறகு சில துளி தேசிக்காய்ப் புளி. சூட்டோடு பாணில் வைக்கக்கூடாது, அதன் ஆவியே பாணை நனைத்துவிடும்.

போதிய அளவு காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு கரண்டி கறியை வெள்ளைப் பேப்பரில் வைத்து, மெல்ல அமத்தி, ஒரு நிமிடம் விடுங்கள். பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறி இருந்த இடம் மட்டும் நனைந்திருந்தால் சரி. அதைச் சுற்றி வளையமாக ஈரம் பரவியிருந்தால் இன்னும் இரண்டு நிமிடம் அடுப்பில் வைக்க வேண்டும். எண்ணெய் வளையம் வேறு: அது பேப்பரைக் கண்ணாடி போலாக்கும், காய வைத்தாலும் போகாது. எண்ணெய் கூடினாலும் ஓரம் ஒட்டாது, ஆகவே அந்த வளையமும் விரலகலத்துக்குள் இருப்பது நல்லது.

ரின் மீனை வடிதட்டில் கொட்டி 10 நிமிடம் விட்டு, முள்ளை எடுத்து, உதிர்த்து, வெங்காயத்தோடும் செத்தல் மிளகாய்த் துகளோடும் தாச்சியில் வறட்டுங்கள். புளியை இதற்கும் கடைசியில்தான் விட வேண்டும். இறைச்சிப் பிரட்டலில் எலும்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. மூடியை அமத்தும்போது சின்ன எலும்பும் தட்டின் பூச்சைக் கீறிவிடும். இறால் சூட்டில் சுருங்கித் தண்ணீர் விடும் என்பதால் முன்பே பொரித்து, சிறிதாக நறுக்கினால்தான் சரி. தக்காளி வேண்டுமென்றால் விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை நீக்கி, உப்புத் தூவி 5 நிமிடம் விட்டுத் துணியால் ஒற்றுங்கள்.

தேங்காய்ச் சம்பல் பலர் நினைப்பதைவிட நன்றாக ஒத்துப்போகும். பிழியாத தேங்காய்ப்பூவில் பால் இருப்பதால், கையால் ஒரு தடவை மெல்ல அமத்திப் பிழிந்துவிட்டு வைத்தால் போதும். அதன் இரு பக்கமும் ஒவ்வொரு துண்டு சீஸ் வைத்துப் பாருங்கள். உருகின சீஸ் பாணுக்கும் சம்பலுக்கும் இடையில் மெழுகுத்தாள் போல நின்று ஈரத்தைத் தடுக்கும், உறைப்பையும் கொஞ்சம் தணிக்கும். இதே உத்தி எந்த ஈரமான கறிக்கும் உதவும்.

இனிப்புக்கு, நன்றாகப் பழுத்த கதலியை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி சுரண்டின பனங்கட்டி. பனங்கட்டி ஓரத்துக்குப் போனால் உருகி வெளியே வந்து தட்டில் கருகிக் கல்லாகிவிடும், அதனால் நடுவில் மட்டும். உருகின சீனிப்பாகு கொதிதண்ணீரைவிடச் சூடானது, நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் 5 நிமிடம் ஆற விட்டு, பிய்த்துப் பார்த்துக் கொடுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை இதற்குள் வைக்க ஆசை வரும். அதன் சாற்றை எந்த மெஷினும் அடக்காது, அந்தப் பழத்தை அப்படியே சாப்பிடுவதே மரியாதை.

வாட்டும் நேரம்

புதிய மெஷின் என்றால் ஈரத்துணியால் தட்டைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயைப் பூசி, வெறுமையாக 5 நிமிடம் சூடாக்குங்கள். கொஞ்சம் புகையும் பிளாஸ்டிக் மணமும் வரும், யன்னலைத் திறந்து விடுங்கள். முதல் சான்ட்விச்சை எறிந்துவிட வேண்டியிருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு தடவையும் பச்சை விளக்கு வரும்வரை மூடிய நிலையில் சூடாக்க வேண்டும். ஒரு துண்டை மாஜரின் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, குழிகளின் மேல் கறியை இரண்டு குவியலாக, குறுக்கு விளிம்பைத் தவிர்த்து வையுங்கள். மேல் துண்டை வைத்து மூடுங்கள். மூடியதும் பக்கவாட்டால் சீறிக்கொண்டு ஆவி வரும். கையை அந்தப் பக்கம் கொண்டு போக வேண்டாம். மணிக்கூட்டைப் பார்ப்பதைவிட இந்த ஆவியைப் பார்ப்பது நம்பகமானது. முதல் இரண்டு நிமிடம் தடிப்பாக வரும், பிறகு மெலியும். நூல் போல மெலிந்து, அவிந்த பாண் மணம் மாறி வறுத்த மணம் வந்தால் சிவக்கத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு நிமிடம். மொத்தம் 4 நிமிடம் அளவில் ஆகும்.

ஆவி தடிப்பாக வரும்போது திறந்து பார்த்தால், இன்னும் இறுகாத தோல் மேல்தட்டோடு பிய்ந்து வந்துவிடும். எடுக்கும்போது மரக் கரண்டியோ சிலிக்கோன் கரண்டியோ பாவியுங்கள். முள்ளுக்கரண்டியால் ஒரு தடவை கிளப்பினாலே பூச்சில் கோடு விழும், அடுத்த சீஸ் அந்தக் கோட்டில்தான் ஒட்டும்.

எடுத்ததைப் பீங்கானில் மட்டமாக வைத்தால் அடிப்பக்கத்து ஆவி போக வழியில்லாமல் வேர்த்து, இரண்டு நிமிடத்தில் தோல் இளகும். கம்பித் தட்டு இல்லாவிட்டால் பனையோலைத் தட்டில் வையுங்கள். பின்னலின் இடைவெளியால் காற்றுப் போகும். இரண்டு முக்கோணத்தையும் ஒன்றோடொன்று சாய்த்துக் கூடாரம் போல நிறுத்தினாலும் சரிதான். பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கு என்றால் முழுதாக ஆறிய பின்தான் மூட வேண்டும். மீன், முட்டை, தேங்காய்ச் சம்பல் வைத்ததை நம் வெயிலில் மதியம்வரை பெட்டியில் வைத்திருப்பது ஆபத்து.

வெளியே சிவந்தும் உள்ளே குளிராகவும் இருந்தால் கறி நேரே பிரிஜிலிருந்து வந்திருக்கும். எவ்வளவு நேரம் விட்டாலும் சிவக்கவில்லை என்றால் வோல்ட் அளவைச் சந்தேகப்படுங்கள். இரவு மின்சாரப் பாவனை கூடும் நேரம் சில வீதிகளில் அது இறங்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த 750 வாட்ஸ் மெஷின் 200 வோல்ட்டில் ஏறத்தாழ 570 வாட்ஸ் அளவுக்குத்தான் சூடு தரும். சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால்தான் இவ்வளவு வித்தியாசம். அப்போது ஒரே நேரத்தில் இரண்டு சான்ட்விச் வைக்காமல் ஒன்றை மட்டும் வையுங்கள். மின்கட்டணத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை: 750 வாட்ஸ் மெஷின் 12 நிமிடம் தொடர்ந்து எரிந்தாலும் 0.15 அலகுதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் மெஷின்

சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவரும் சான்ட்விச் மேக்கர் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உண்டு. அதைக் கொளுவும் முன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாங்கியது பெரும்பாலும் 220 முதல் 240 வோல்ட் என்று இருக்கும், இங்கே வேலை செய்யும். கனடாவில் வாங்கியது 120 வோல்ட். அதை நம் சுவரில் கொளுவினால் மூன்றரை மடங்குக்கு மேல் சூடு எழும்பும்: 750 வாட்ஸ் மெஷின் 2,700 வாட்ஸ் தாண்டி இழுத்து, சில விநாடியில் உள்ளே உள்ள பியூஸோ கம்பியோ போய்விடும், தீயும் பிடிக்கலாம். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடப்டர் வோல்ட்டை மாற்றாது. வோல்ட்டைக் குறைக்க 1,000 வாட்ஸுக்குக் குறையாத ட்ரான்ஸ்போமர் வேண்டும். அது பாரம், விலையும் கூட. அந்தக் காசுக்கு இங்கேயே புது மெஷின் வாங்கலாம்.

ஐரோப்பிய உருண்டை முனைப் பிளக்கில் வேறொரு ஆபத்து. நம் 13 அம்பியர் சதுரத் துளைக்குள் அது நேரே போகாது. மேல் துளைக்குள் குச்சியையோ பேனை மூடியையோ விட்டு, உள்ளே இருக்கும் மறைப்பைத் திறந்து, இரண்டு முனையையும் தள்ளிவிடுவது இங்கே பரவலான பழக்கம். அந்த மேல் துளைதான் எர்த். அதில் முனை எதுவும் சேராததால் மெஷினின் உலோகத் தட்டுக்கு எர்த் இல்லை. உள்ளே ஒரு வயர் காப்பு உருகித் தட்டைத் தொட்டால், தட்டு முழுவதும் மின்சாரம் நிற்கும், அதைத் தொடுகிறவரின் உடம்பால்தான் அது நிலத்துக்குப் போகும். மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு மூன்று வயரும் சேர்த்து 13 அம்பியர் பிளக்கை மாட்டுவியுங்கள். அரை மணிநேர வேலைகூட இல்லை.

துடைத்து வைப்பது

முழு மெஷினையும் தண்ணீரில் முக்கவோ பைப்பின் கீழ் பிடிக்கவோ கூடாது. சூடாக்கும் கம்பியின் காப்புக்குள் ஈரம் இறங்கி, அடுத்த நாள் சுவிச்சைப் போட்டதும் ரிப் சுவிச் விழும். பிளக்கைக் கழற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், நனைத்து நன்றாகப் பிழிந்த துணி ஒன்றை மடித்துத் தட்டுகளுக்கு நடுவே வைத்து மூடி 5 நிமிடம் விடுங்கள். சிந்திக் காய்ந்த சீஸ் இளகிவிடும். பிறகு மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பொச்சு, சாம்பல், இரும்புத் தும்பு எதுவும் பூச்சுக்கு ஆகாது. கருகின பனங்கட்டிக்கு ஒரு தேக்கரண்டி சூடான தண்ணீரை விட்டு ஊற வைத்து, மரக் கரண்டியால் மெல்ல நெம்புங்கள்.

பின்பக்கத்தில் எண்ணெய் வடிவதற்கென்று இருக்கும் சின்ன வாய்க்காலை ஒருவரும் பார்ப்பதில்லை. கரப்பானும் எறும்பும் முதலில் தேடிப் போவது அங்கேதான். பல்லுக்குச்சியில் துணியைச் சுற்றி அதையும் துடைத்து, தட்டுகள் நன்றாகக் காய்ந்த பிறகு, நடுவில் ஒரு பேப்பர் வைத்து மூடி, நிமிர்த்தி வையுங்கள்.